கண்மாயைத் தூர்வாரினால் போதுமா, வரத்துக்கால் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து வைகையில் வெள்ளம் வந்துவிட்டால் 'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று ஒரு செய்தி வரும். அப்புறம் சித்திரையில் பெண்கள் குடத்தோடு நிற்கிற படத்தைப் போட்டு 'வறண்ட ராமநாதபுரம்' என்று இன்னொரு செய்தி வரும். இரண்டும் நடக்கிறதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்தாறு மாதமும் அந்தத் தண்ணீர் எங்கே கிடந்திருக்க வேண்டும், எந்த வழியாக அங்கே போயிருக்க வேண்டும், அந்த வழியை அடைத்தது என்ன என்று யாரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, பெரிய கண்மாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். மேற்கே பார்த்தால் வயல், கிழக்கே பார்த்தால் பனையும் மணலும். வைகைக்கு நாங்கள்தான் கடைசி ஆட்கள்.

வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வருகிற அந்த ஆறு, மற்ற ஆறுகளைப் போல நேரே போய்க் கடலில் விழுவதில்லை. பார்த்திபனூர் மதகணையில் இடது, வலது பிரதானக் கால்வாய்களுக்குத் தண்ணீர் பிரிகிறது, அதிலிருந்து கண்மாய் கண்மாயாகக் கிளைக்கால்கள், அதாவது கிளை வாய்க்கால்கள், போகின்றன, மிச்சமாக வருகிற ஆறு ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள் போய் அடைகிறது. பெரிய கண்மாய் பெருகினால்தான் உபரி கிழக்கே இறங்கி, ஆற்றங்கரை என்று பெயர் வைத்த ஊரில் பாக் விரிகுடாவைத் தொடும். ஆறு கண்மாயில் முடிகிறதே என்று பரிதாபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் முன்னோர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

யோசித்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மழை, அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலை கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது, பெரிய அணை கட்ட இடமே இல்லை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்ந்து போகிறது, அவ்வளவுதான். அந்தச் சாய்வை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்திருக்கிறார்கள். மேற்குப் பக்கம் திறந்துவிட்டு, கிழக்கே பிறை மாதிரி வளைத்து ஒரு மண் கரை. தண்ணீர் தானாக வந்து அந்த வளைவுக்குள் தங்கும். நிறைந்தால் உபரி வழிகிற கலுங்கு வழியாக வெளியேறி அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த கண்மாய். மேலே இருக்கிற ஊரின் உபரிதான் கீழே இருக்கிற ஊரின் வரத்து. ஒரு கண்மாயை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது வெறும் பள்ளம். தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்காலும் கலுங்கும் சேர்ந்தால்தான் அது கண்மாய்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பெருங்குளம், பனைக்குளம், அழகன்குளம், இரட்டையூரணி, அத்தியூத்து, ஆற்றங்கரை. உள்ளே போனால் ஏந்தல் என்று முடிகிற ஊர்கள் எண்ணி மாளாது. ஏந்தல் என்றால் சின்ன நீர்நிலை, தண்ணீரை ஏந்தி நிற்பது. குடிக்கிற தண்ணீருக்கு ஊரணி, பயிருக்குக் கண்மாய், மணல்காட்டில் ஊற்று. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அங்கே என்ன தண்ணீர் கிடைக்கும் என்பதையே பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது அந்த ஊர்களுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது.

அழகன்குளத்தைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே கோட்டைமேட்டில் 1980-களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை பல கட்டமாகத் தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசுகள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு எல்லாம் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் வைகை வந்து கடலைச் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வணிகத் துறை இருந்திருக்கிறது, மதுரைக்குக் கடல் வாசல் அதுதான். இன்றைக்கு அதே இடத்தில் போய் நின்றால் வைகை என்று காட்டுவதற்கு ஒரு ஓடைதான் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வைகை கைவிட்டுப் போன பழைய தடங்கள் இந்தக் கரையோரத்தில் இருப்பதாகப் புவியியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆறு இடம் மாறும், மணல் மேடு போடும், கடல் கொஞ்சம் விலகும். அதெல்லாம் இயற்கை. அதோடு ஒத்துப்போகத் தெரிந்திருந்தது நம் ஆட்களுக்கு. கடைசி ஐம்பது அறுபது வருடத்தில் நாம் பண்ணியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆர்.எஸ்.மங்கலம் என்கிற ராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாய்க்கு ஒரு சொலவடை உண்டு, 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று. நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம், அவ்வளவு பெரிய கண்மாய், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட 48 மடை. ராஜசிங்கன் என்ற பாண்டியன் பெயரில் அமைந்த ஊர் அது. தெற்கே கமுதிப் பக்கம் போனால், குண்டாற்றிலிருந்து தண்ணீரைத் திருப்ப, ராமநாதபுரத்து மன்னர்களான சேதுபதிகள் காலத்தில் வெட்டிய கால்வாய்க்கு ரெகுநாத காவிரி என்று பெயர். காவிரி எங்கே கமுதி எங்கே என்று சிரிக்க வேண்டாம். ஒரு கால்வாய்க்குக் காவிரி என்று பெயர் வைக்கிறவனுக்குத் தண்ணீர்மேல் எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று பாருங்கள்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்பப் பிள்ளை, பெரியாற்றுத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்ப முடியுமா என்று மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். வழி இருந்தது, பணம் இல்லை. அப்புறம் சேதுபதியைக் கம்பெனிக்காரர்கள் பிடித்துச் சிறையில் போட்டார்கள், 1803-இல் ராமநாதபுரம் ஜமீன் ஆனது. பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டபோது அந்தத் தண்ணீர் மேலூர்ப் பக்கம் திரும்பியது. முதலில் கேட்ட ஊர், தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையிலேயே நின்றது. இதை நான் மதுரைக்காரர்கள்மேல் கோபப்பட்டு எழுதவில்லை, அந்த ஆசை எங்கிருந்து கிளம்பியது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜமீன் காலத்தில் பல கண்மாய்கள் பராமரிப்பில்லாமல் போயின. 1948-இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து எல்லாம் அரசாங்கத்துக்கு வந்தது. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே இருப்பது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். கணக்குப் பார்க்க வசதிதான். ஆனால் ஒரே காலில் வரிசையாகக் கோத்த மாதிரி இருக்கிற ஐந்து கண்மாயில் மேலே இருக்கிற இரண்டு ஒரு துறைக்கு, கீழே இருக்கிற மூன்று இன்னொரு துறைக்கு என்று ஆனபோது, நடுவில் ஓடுகிற காலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது. நம் மாவட்டத்து நீர் வரலாற்றில் இதைத்தான் நான் பெரிய முறிவு என்று நினைக்கிறேன், 1959-இல் வைகை அணை கட்டியதைவிடப் பெரியது. அணை வந்த பிறகும் பூர்வீகப் பாசனத்தில் ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று கணக்கு இருக்கிறது. தண்ணீர் தாமதமாக வந்தாலும் குறைவாக வந்தாலும் நமக்கென்று பங்கு உண்டு. அதை வாங்கி வைக்கத்தான் வழி இல்லை.

சரி, என் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

எங்கள் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற பக்கம், கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இரண்டு கல்தூண் நிற்கும், நடுவில் குறுக்குக் கல். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோடையில் அதில் ஏறிக் குதிப்போம், ஊஞ்சல் கல் என்று சொல்வோம். அது குமிழி மடை என்று எங்கள் அய்யாதான் சொன்னார், அப்பாவின் அப்பா. கண்மாய் நிறைந்து நிற்கும்போது, மடை திறந்து தண்ணீர் பங்கிடுகிற நீர்பாய்ச்சி அந்தத் தூண் வரைக்கும் நீந்திப் போய், முங்கி, அடியில் இருக்கிற அடைப்பைத் தூக்குவார். தண்ணீர் குழிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் கல் பாவிய சுரங்கம் வழியாகப் புரவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும். அடியில் சேறு போக ஒரு துளை, அதற்கு மேலே நீர் போக ஒரு துளை. மடை திறக்கும்போதே கொஞ்சம் வண்டலும் வயலுக்குப் போய்விடும், கண்மாயும் மேடு தட்டாது. இப்படி ஒரு யோசனை எந்த நூற்றாண்டில் யாருக்கு வந்ததோ. அந்தத் தூணில் கை வைத்தால் அய்யா முங்கி எழுந்த உயரத்தில் ஒரு வழுவழுப்பு இருக்கும், எத்தனை கை பிடித்த இடமோ அது. அய்யாவும் சில வருடம் நீர்பாய்ச்சி வேலை பார்த்தவர். கூலி காசாகக் கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாக அளப்பார்கள். யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு, நிலம் உள்ளவரும் எதிர்த்துப் பேச மாட்டார்.

கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே வண்டி கட்டிக்கொண்டு கரம்பை, அதாவது அடியில் படிந்த வண்டல் மண், எடுக்கப் போகும். கரம்பை அடித்த வயலுக்கு உரம் வேண்டாம். ஊரார் எடுக்கிற கரம்பையாலேயே கண்மாய் ஆழம் குறையாமல் இருந்தது, தூர்வாருகிற திட்டம் என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை.

சில வருடத்துக்கு முன்னால் எங்கள் கண்மாயைத் தூர்வாரினார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இயந்திரம் வைத்து ஆழப்படுத்தி, கரையை உயர்த்தி, பலகையும் வைத்தார்கள். அந்த வருடம் மழையும் நல்ல மழை. எங்களுக்கு மேலே இருக்கிற ஊர்க் கண்மாய் கலுங்கு பாய்ந்து தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, எங்கள் கண்மாயில் முழங்கால் அளவு. அதுவும் நேராக வானத்திலிருந்து விழுந்தது மட்டும். ஏன் என்று கால் வழியே நடந்து பார்த்தேன். பாதி தூரத்தில் கால் இல்லை. முதலில் ஒருத்தர் வயலோடு சேர்த்து உழுதிருக்கிறார், அடுத்து ரோட்டை உயர்த்தியபோது ஆறடி அகலக் காலுக்கு ஒரு குழாயைப் போட்டு மூடியிருக்கிறார்கள், அதற்கப்புறம் கல் ஊன்றி வீட்டுமனை. மனைக்குப் பெயர் என்ன தெரியுமா, ஏதோ ஒரு 'நகர்', அதற்குள் தண்ணீர் தேங்கியதென்று அந்த மனை வாங்கியவர்களும் பாவம் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் வாங்கி வீடு கட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அந்த நிலத்தின் கதையை யாரும் சொல்லவில்லை.

மனு எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் அப்படி ஒரு வாய்க்காலே இல்லை என்று சொன்னார்கள். இரண்டு முறை, மூன்று முறை போனேன், அதே பதில். பிறகு எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் பழைய செட்டில்மெண்ட் நிலப் பதிவேட்டின் நகல் கிடைத்தது, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன தாள். அதில் தெளிவாக 'வாய்க்கால் புறம்போக்கு' என்று சர்வே எண்ணோடு இருக்கிறது. யுடிஆர் என்கிற நிலப் பதிவேடு புதுப்பிப்புக்குப் பிறகு அதே இடம் பட்டாவில் சேர்ந்திருக்கிறது. ஒரு எழுத்து மாறியதில் ஒரு கால் செத்துவிட்டது, கால் செத்ததில் ஒரு கண்மாய். கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

கடற்கரை ஓரத்து ஊற்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் இதே கதைதான். மணல் மேட்டில் பெய்கிற மழை கீழே இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே லேசான ஒரு படலமாக நிற்கும். எங்கள் அப்பத்தா விடிவதற்கு முன்னால் போய், இடுப்பளவு பள்ளத்தில் இறங்கி, சிரட்டையால் கோதி எடுப்பார். ஒரு சிரட்டை எடுத்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஊறி வர வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ வேகமாக அள்ளினாலோ அடியில் இருந்து உப்பு ஏறிவிடும். குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும், ஆனால் அந்தத் தண்ணீரின் ருசி இப்போது எந்தக் கேனிலும் இல்லை. மணல் சரியாமல் பனை மட்டை வைத்துச் சுற்றிலும் அடைத்திருப்பார்கள். கண்மாய் நிறைந்த வருடம் ஊற்றும் சிரட்டைக்கு உடனே ஊறும் என்று அப்பத்தா சொல்வார். மேற்கே கண்மாயில் நிற்கிற தண்ணீர் பூமிக்கடியில் கடலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது, கண்மாய் வறண்டது, கடல் உள்ளே வந்துவிட்டது. இன்றைக்கு அந்த இடத்தில் ஊற்றுத் தோண்டினால் வாயில் வைக்க முடியாது.

சீமைக்கருவேலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றுதான் சொல்ல வேண்டும். அதை வெட்டுகிறோம் என்று கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக்கருவையையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவது அதில்தான். நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் நான்கும் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன. நான்குமே பயிருக்காக மனிதன் வெட்டிய கண்மாய்கள், காடு கிடையாது. உழுகிறவனுக்காகக் கட்டிய கரைக்குள் பறவை வந்து குடியேறியிருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால் பட்டியலில் பெயர் இருந்தும் பறவைக்கு என்ன பயன்?

கடலுக்குப் போகிற தண்ணீரை வீண் என்று எழுதுவதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆற்றங்கரை முகத்துவாரத்தில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள், நல்ல தண்ணீர் வந்து கலந்தால் இறாலும் மடவையும் ஏறும் என்பார்கள். கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. என் வருத்தம் வேறு. வழியில் இருக்கிற கண்மாய்கள் காலியாகக் கிடக்கும்போதே அவற்றைத் தாண்டிக்கொண்டு தண்ணீர் கடலுக்கு ஓடுகிறதே, அது ஏன் என்று எழுதுங்கள். அளவுக்கு மேல் வந்ததாலா, வழி அடைபட்டதாலா?

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், நல்லது. ஆனால் காவிரியே வந்தாலும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அது வந்து சேர அந்த ஆறடி வாய்க்கால்தான் வேண்டும்.

அதனால் ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனிமேல் ஒரு கண்மாயைப் பற்றிச் செய்தி போட்டால், அது எந்தக் காலில் நிறைகிறது, அதன் கலுங்கு எந்த ஊருக்குப் போகிறது என்ற இரண்டு வரியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் நிருபர்கள் ஊரில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள், இன்னும் பத்து வருடம் போனால் சொல்ல ஆள் இருக்காது. வாசகர்களும் தங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய செட்டில்மெண்ட் நகல், நில அளவைப் புலப்படம் ஏதாவது கிடந்தால் கரையான் அரிப்பதற்குள் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். தூர்வாருகிற திட்டம் போடுகிறவர்கள் கண்மாய்க்குள் இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னால் வரத்துக்கால் நெடுக ஒரு தடவை நடந்து பாருங்கள், மொத்தமே ஒரு காலை வேளை ஆகும்.

எங்கள் கண்மாய்க்கு மேலே இருக்கிற நான்கு கண்மாய்களின் பெயரையும், அவற்றுக்கு நடுவே கால் ஓடிய வழியையும், எந்த இடத்தில் அது அறுந்து நிற்கிறது என்பதையும் என் கையால் வரைந்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அளவு துல்லியமாக இருக்காது, திசை சரியாக இருக்கும். பக்கத்தில் இடம் இருந்தால் அச்சிடுங்கள். இடம் இல்லையென்றால் உங்கள் ராமநாதபுரம் நிருபரிடம் கொடுங்கள், புரட்டாசிக்கு முன்னால் ஒருநாள் வந்தால் நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை வாசகர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்